ஆளும் இல்லை, வேலையும் இல்லை: செவிலியர் கணக்கு, ஓர் எளிய விளக்கம்

கிருஷ்ணகிரி மாவட்டத்து வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகள் பிளஸ் டூ முடித்து மதிப்பெண் பட்டியலோடு நின்றிருந்த நேரம் அது. "தம்பி, ஆஸ்பத்திரியில் நர்சு போதவில்லை என்று ஒரு நாள் பேப்பரில் போடுகிறார்கள். மறுநாள் அதே பேப்பரில், நர்சு படித்த பெண்கள் வேலை கேட்டுத் தெருவில் உட்கார்ந்து போராடுகிறார்கள் என்று போடுகிறார்கள். இரண்டில் எது பொய்?"

இரண்டும் உண்மைதான் என்றேன். அவர் நம்பவில்லை. அவருடைய தோப்பைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருந்தது. பெங்களூரா காய் நன்றாகக் காய்த்த வருடங்களில் மாங்கூழ் ஆலைக்காரர்கள் கொடுக்கும் விலை பறிகூலிக்கும் வண்டி வாடகைக்குமே சரியாகப் போய்விடும். காயைப் பறிக்காமலே விட்டவர்கள் உண்டு. அதே வாரத்தில் சென்னையில் இருக்கும் சொந்தக்காரர், மாம்பழம் வாங்கவே முடியவில்லை என்று புலம்புவார். தோப்பில் கொட்டிக் கிடக்கிறது, கடையில் தட்டுப்பாடு. பழம் இல்லாததால் வந்த தட்டுப்பாடு இல்லை அது. நடுவில் ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டிருக்கிறது.

செவிலியர் பற்றாக்குறை என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுவதும் அப்படித்தான். அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு குறைகள் ஒளிந்திருக்கின்றன. படித்தவர்களே இல்லை என்பது ஒன்று. படித்தவர்கள் இருந்தும் அரசோ தனியார் மருத்துவமனையோ போதுமான பணியிடங்களை உருவாக்கவில்லை என்பது இன்னொன்று. பணியிடம் இருக்கிறது, ஆனால் அந்தச் சம்பளத்துக்கும் அந்த ஊருக்கும் ஆள் வந்து தங்குவதில்லை என்பது மூன்றாவது. எது குறை என்று தெரியாமல் மருந்து கொடுத்தால், ஆங்காங்கே நர்சிங் கல்லூரி திறப்பார்கள். வார்டில் ஆள் கூடியிருக்காது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைப் பொறுத்தவரை முதல் குறையைவிட மற்ற இரண்டும்தான் பெரியவை என்பது என் கருத்து. ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் யார் நர்சு?

வெள்ளை உடுப்பில் இருப்பவர் எல்லோரும் நம் ஊரில் 'சிஸ்டர்'தான். ஆனால் அந்த உடுப்புக்குள் நான்கைந்து வகையானவர்கள் இருக்கிறார்கள்.

கிராமத்தில் துணை சுகாதார நிலையத்தில் இருந்துகொண்டு, கர்ப்பிணிகளைப் பதிவு செய்து, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டு, வீடு வீடாக வருபவர் கிராம சுகாதார செவிலியர். ஊரில் 'நர்சம்மா' என்றால் பெரும்பாலும் இவரைத்தான் குறிக்கும். துணை செவிலியர் மற்றும் மகப்பேறு உதவிக்கான இரண்டு ஆண்டுப் பயிற்சி முடித்தவர். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது விதி. தளி, அஞ்செட்டி, சித்தேரி போன்ற இடங்களுக்கு இந்த இரண்டாவது எண் எவ்வளவு முக்கியம் என்பது அந்தப் பாதையில் நடந்தவர்களுக்குத் தெரியும். மலையில் 3,000 பேர் என்பது சில சமயம் பத்துப் பதினைந்து குக்கிராமங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மருத்துவமனை வார்டிலும் இருப்பவர் பட்டயமோ பட்டமோ பெற்ற செவிலியர். பட்டயப் படிப்பு மூன்று ஆண்டுகள். இதில் சேர அறிவியல் பிரிவு விரும்பத்தக்கது. மற்றப் பிரிவினரும் சேரலாம் என்பது இந்திய செவிலியர் குழுமத்தின் விதி. பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுகள். இதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம். பட்டயம் முடித்தவர் மேலும் இரண்டு ஆண்டுகள் படித்துப் பட்டம் பெறவும் வழி இருக்கிறது. அதற்கு மேல் எம்.எஸ்சி.

மருத்துவ உதவியாளர், நர்சிங் அசிஸ்டென்ட் என்ற பெயரில் ஓராண்டுச் சான்றிதழ் பெற்றவர்கள் வேறு. தனியார் மருத்துவமனைகளில் இவர்கள் நிறைய. நல்ல கைராசியான பெண்களை நான் இவர்களில் பார்த்திருக்கிறேன். ஆனால் சட்டப்படி இவர்கள் செவிலியர் பதிவேட்டில் சேர முடியாது. என் உறவில் ஒரு பெண், பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் இயங்கிய ஒரு நிறுவனத்தில் 'நர்சிங் படிப்பு' என்ற பலகையைப் பார்த்துச் சேர்ந்தாள். ஒரு வருடம் படித்து, பணமும் கட்டி முடித்த பிறகுதான், அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக்கூட அந்தச் சான்றிதழ் உதவாது என்று தெரிந்தது. பலகையில் எழுதியிருந்தது பொய்யில்லை. எழுதாமல் விட்டதுதான் பொய். இதைத்தான் அண்ணனிடம் முதல் எச்சரிக்கையாகச் சொன்னேன்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து இரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர்களும் செவிலியர்கள் அல்ல. அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அதில் நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கென்று செவிலியர்கள் தனியாக இருக்கிறார்கள். ஒரு புள்ளிவிவரத்தில் 'சுகாதாரப் பணியாளர்' என்று போட்டிருந்தால், அதில் இவர்களில் யார் யார் அடக்கம் என்று கேட்டுவிட்டுத்தான் மேலே படிக்க வேண்டும்.

ஒரு நாற்காலிக்கு எத்தனை பேர்?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாள்களே அடிக்கடி தவறாக எழுதும் இடம் இது.

கற்பிக்கும் மருத்துவமனையில், அதாவது மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மருத்துவமனையில், மூன்று படுக்கைக்கு ஒரு செவிலியர். பிற பொது மருத்துவமனையில் ஐந்து படுக்கைக்கு ஒருவர். விடுப்பில் போகிறவர்களை ஈடுகட்ட இதற்கு மேல் 30 சதவீதம். இதுதான் இந்திய செவிலியர் குழுமத்தின் அளவுகோல். 'மூன்று படுக்கைக்கு ஒருவர்' என்று படித்ததும் நமக்கு என்ன தோன்றுகிறது? முப்பது படுக்கை வார்டுக்குள் நுழைந்தால் பத்து செவிலியர்கள் நடமாடுவார்கள் என்று தோன்றுகிறது. அப்படி இல்லை. அந்தப் பத்து என்பது அந்த வார்டின் பெயரில் சம்பளம் வாங்குகிறவர்களின் எண்ணிக்கை. எந்த நேரத்திலும் நின்றுகொண்டிருப்பவர்களின் எண்ணிக்கை வேறு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வார்டில் செவிலியர் மேசைக்குப் பின்னால் ஒரே ஒரு நாற்காலி இருக்கிறது, அது ஒரு நிமிடமும் காலியாக இருக்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்கிறார். 168-ஐ 48-ஆல் வகுத்தால் மூன்றரை. யாரும் விடுப்பே எடுக்காத ஓர் உலகத்தில், ஒரு நாற்காலியை நிரப்ப மூன்றரைப் பேர் வேண்டும். விடுப்புக்கான 30 சதவீதத்தைச் சேர்த்தால் நாலரைப் பேர்.

இப்போது முப்பது படுக்கைக்குத் திரும்புங்கள். அளவுகோலின்படி பத்துப் பேர், விடுப்புக்கு மூன்று பேர், ஆகப் பதின்மூன்று. அதை நாலரையால் வகுத்தால் மூன்றுக்கும் சற்றுக் குறைவு. அளவுகோலை ஒரு புள்ளியும் குறையாமல் கடைப்பிடித்தாலும், ஒரு சமயத்தில் மூன்று பேர்; ஆளுக்குப் பத்து நோயாளிகள். ஐந்துக்கு ஒன்று என்ற அளவுகோலில் ஒருவருக்குப் பதினேழு பதினெட்டு நோயாளிகள். அதுவும் சராசரி. காலையில் மருத்துவர்கள் சுற்றி வரும் நேரத்தில் ஆட்களைக் கூடுதலாக வைத்தால் இரவில் குறையத்தான் செய்யும். இரவு பதினொரு மணிக்கு வார்டில் ஒற்றைச் செவிலியரைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் எங்கே தூங்குகிறார்கள் என்று கோபப்படுகிறோமே, அவர்களில் பெரும்பாலோர் வீட்டில்தான் தூங்குகிறார்கள். தூங்கத்தான் வேண்டும். நாளைப் பகல் டியூட்டி அவர்களுடையது.

தருமபுரிக்கு மருத்துவக் கல்லூரி 2008-இல் வந்தது. கிருஷ்ணகிரியில், 2022 ஜனவரியில் மாநிலம் முழுவதும் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 புதிய கல்லூரிகளில் ஒன்று அமைந்தது. மருத்துவக் கல்லூரி வந்ததைப் பற்றிப் பேசியவர்கள் எத்தனை மருத்துவர் இடங்கள் என்று பேசினார்கள். நான் யோசித்தது வேறு: பலகை மாறியதும் அளவுகோல் ஐந்துக்கு ஒன்றிலிருந்து மூன்றுக்கு ஒன்றாகிவிடுகிறது. அதே முப்பது படுக்கைக்கு ஆறு பேர் போதும் என்றிருந்தது பத்துப் பேர் வேண்டும் என்றாகிறது. படுக்கை ஒன்றுகூடக் கூடாமலே பற்றாக்குறை கூடிவிடும். கட்டடம் கட்டுகிற வேகத்தில் பணியிடம் உருவாக்குவது எந்த அரசிலும் நடப்பதில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் கதை இன்னும் சுருக்கமானது. 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க, நிலையத்துக்கு மூன்று செவிலியர் என்ற ஏற்பாட்டைத் தமிழ்நாடு 2000-களில் கொண்டுவந்தது. கிராமத்துப் பிரசவங்களை வீட்டிலிருந்து நிலையத்துக்குக் கொண்டுவந்ததில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று பேரை 48 மணியால் பெருக்கினால் 144. வாரத்துக்கு வேண்டியது 168. விடுப்பே எடுக்காமல் மூவரும் உழைத்தாலும் ஒரு முழு நாள் துண்டு விழுகிறது. அந்தத் துண்டை யாரோ ஒருத்தி தன் தூக்கத்திலிருந்து எடுத்துத்தான் ஒட்டுகிறாள். மூவரில் ஒருவர் மகப்பேறு விடுப்பில் போனால்? அரசுப் பணியில் இருக்கும் பெண்களுக்குத் தமிழ்நாட்டில் 2021 முதல் மகப்பேறு விடுப்பு ஓராண்டு. ஊரெல்லாம் பிரசவம் பார்க்கிறவர் தான் பிள்ளை பெறப் போனால், நிலையம் திணறுகிறது. விடுப்பைக் குறை சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. இருபத்தைந்து வயதுப் பெண்களை நம்பி ஓர் அமைப்பைக் கட்டிவிட்டு அவர்களுக்குப் பிள்ளை பிறக்கும் என்பதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டவர்களைத்தான் கேட்க வேண்டும்.

பதிவேட்டில் இருப்பவர்களும் வார்டில் இருப்பவர்களும்

படித்து முடித்தவர் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்ய வேண்டும். 1926-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டத்தின் வழி வந்த அமைப்பு அது. நாடு தழுவிய இந்திய செவிலியர் குழுமம் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. அதற்குப் பதிலாக ஓர் ஆணையம் அமைக்க 2023-இல் புதுச் சட்டம் வந்திருக்கிறது.

'இந்தியாவில் ஆயிரம் பேருக்கு இத்தனை செவிலியர்' என்று நாடாளுமன்றத்தில் சொல்லப்படும் எண்கள் இந்தப் பதிவேடுகளிலிருந்து வருகின்றன. ஆனால் பதிவேட்டில் பெயர் ஏறுவது எளிது, இறங்குவது அரிது. திருமணமாகி வேலையை விட்டவர், குவைத்துக்குப் போனவர், ஓய்வு பெற்றவர், இறந்தவர் எல்லோரும் நீண்ட காலம் அதிலேயே இருந்தார்கள். ஓசூர்ப் பெண் பெங்களூருவுக்கு வேலைக்குப் போனால் கர்நாடகக் குழுமத்திலும் பதிய வேண்டியிருக்கும். பழைய கணக்கில் அவள் இரண்டு செவிலியர். இதைச் சரிசெய்யத்தான் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் கொடுத்து, நடப்பில் இருப்பவர்களை மட்டும் காட்டும் தேசியப் பதிவேட்டைக் கொண்டுவந்தார்கள். ஏரியில் எவ்வளவு தண்ணீர் வந்தது என்று மட்டும் எழுதி, மதகு வழியே போனதை எழுதாத கணக்குப்பிள்ளையை எந்த ஊரும் வைத்துக்கொள்ளாது. செவிலியர் விஷயத்தில் நாடே அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தது.

உலகக் கணக்கும் இருக்கிறது. 2025-இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கைப்படி 2023-இல் உலகில் 2.98 கோடி செவிலியர்கள் இருந்தார்கள். பற்றாக்குறை 58 லட்சம். அந்த 58 லட்சத்தில் ஒரு பகுதியைப் பணக்கார நாடுகள் எங்கிருந்து நிரப்பிக்கொள்கின்றன என்பதை நம் பக்கத்து நர்சிங் விடுதிகளின் சுவரில் ஒட்டியிருக்கும் ஜெர்மன் மொழி வகுப்பு விளம்பரங்கள் சொல்லும்.

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும். நர்சிங் வகுப்பறையில் கற்பதைவிட நோயாளியின் படுக்கை ஓரத்தில் கற்பதுதான் அதிகம். அதனால்தான் நர்சிங் பள்ளியோ கல்லூரியோ தொடங்க, 100 படுக்கைகளாவது கொண்ட தாய் மருத்துவமனை வேண்டும் என்கிறது விதி. விதி இருக்கிறது, படுக்கையில் நோயாளி இருக்கிறாரா என்பது வேறு கேள்வி. தனியார் கல்லூரி பஸ்களில் மாணவிகள் அரசு மருத்துவமனைகளுக்கு வந்து இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கற்க வேண்டிய நோயாளிகள் அங்கேதான் இருக்கிறார்கள். 2014-க்குப் பிறகு தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி நாடெங்கும் 157 நர்சிங் கல்லூரிகள் அமைக்க 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்ததற்கும் இதுதான் காரணம்: நோயாளிகள் இருக்கும் இடத்தில் வகுப்பறையைக் கட்டுவது. தமிழ்நாட்டின் பங்கு 11.

சம்பளம் என்னும் புதிர்

இப்போது அண்ணனின் கேள்விக்கு வருவோம். படித்தவர்கள் ஏன் தெருவில் உட்கார்ந்தார்கள்?

இரண்டு சொற்கள் தெரிய வேண்டும். காலமுறை ஊதியம் என்பது அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, ஆண்டுதோறும் ஊதிய உயர்வு என்று வளர்ந்துகொண்டே போவது. தொகுப்பூதியம் என்பது ஒரே தொகை. வளராது, படிகள் கிடையாது. முதலாவது மரம், இரண்டாவது வெட்டி நட்ட கம்பம்.

மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தை 2012-இல் தமிழ்நாடு அமைத்தது. அந்த வாரியம் 2015-இல் தேர்வு நடத்தி 7,000-க்கும் மேற்பட்ட செவிலியர்களை எடுத்தது. ஊதியம், மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டுகளில் பணி நிரந்தரம் என்பது அவர்களுக்கிருந்த நம்பிக்கை. 2017 நவம்பரில், அந்த இரண்டு ஆண்டுகள் கடந்தும் அதே 7,700-இல் நின்றவர்கள் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரக வளாகத்தில் திரண்டு போராடினார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரியில் பணியாற்றுகிறவர்களுக்கு அது இரவுப் பயணம். பின்னர் தொகை 14,000 ஆனது, அதன் பிறகு 18,000. கொரோனா காலத்தில் அவசரமாக எடுக்கப்பட்ட செவிலியர்களில் 2,000-க்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-உடன் நீட்டிக்கப்படாமல் முடிந்தது. கைதட்டி வாழ்த்திய ஊர் அப்போது வேறு வேலையாக இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரே துணை சுகாதார நிலையத்தில் இரண்டு பேர் வேலை செய்யலாம். ஒருவர் கிராம சுகாதார செவிலியர். இரண்டு ஆண்டுப் படிப்பு, காலமுறை ஊதியத்தில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,500. 2025 ஜனவரி முதலான 55 சதவீத அகவிலைப்படியைச் சேர்த்தால் 30,225 ரூபாய். இன்னொருவர் இடைநிலை சுகாதாரப் பணியாளர். பட்டயமோ நான்கு ஆண்டுப் பட்டமோ பெற்ற செவிலியர். 2021-இல் 4,848 பேரை இந்தப் பணிக்கு அழைத்தபோது அறிவித்த சம்பளம் மாதம் 14,000 தொகுப்பூதியம். மாவட்ட நலவாழ்வுச் சங்கங்களின் பிந்திய அறிவிப்புகளில் 18,000. கூடுதல் படிப்பு, குறைவான சம்பளம். முன்னவருக்கு அதிகம் கொடுப்பதாக யாரும் தவறாக எண்ண வேண்டாம். காட்டு வழியில் நடந்து தடுப்பூசி போடுகிறவருக்கு 30,000 ஒன்றும் பெரிய தொகை இல்லை. பின்னவருக்கு ஏன் குறைவு என்பதே கேள்வி. அதற்கான பதில் படிப்பில் இல்லை, பணி நியமனத் தாளில் இருக்கிறது.

தனியாரில்? உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் கொடுத்த உத்தரவை அடுத்து மத்திய அரசு அமைத்த குழு ஒரு பரிந்துரை தந்தது. 200 படுக்கைக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனை, அரசு செவிலியருக்கு இணையான சம்பளம் தர வேண்டும். 100 முதல் 200 வரை என்றால் அதில் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50-க்கும் குறைவான படுக்கைகள் கொண்ட சிறு மருத்துவமனையும் மாதம் 20,000-க்குக் குறையாமல் தர வேண்டும். இது பரிந்துரை, மாநிலங்கள் சட்டமாக்கினால்தான் பல் முளைக்கும். அந்தக் கடைசி எண்ணை மட்டும் பாருங்கள். நான்கு கட்டில் போட்ட நர்சிங் ஹோம் தர வேண்டும் என்று சொல்லப்பட்ட 20,000-ஐவிட, அரசே தன் ஒப்பந்தச் செவிலியருக்குத் தரும் 18,000 குறைவு. அரசே இவ்வளவுதான் கொடுக்கும்போது, தருமபுரி நகரத்துத் தனியார் மருத்துவமனை எதைப் பார்த்து அதிகம் கொடுக்கும்?

மறுமுனையில், எய்ம்ஸ் போன்ற மத்திய நிறுவனங்களிலும் பெங்களூருவின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்சிலும் நர்சிங் அலுவலரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900. அதே 55 சதவீதத்தைச் சேர்த்தால் வாடகைப்படிக்கு முன்பே 69,595. அதே படிப்பு, அதே ஊசி, அதே இரவுகள். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு சுமார் 90 கிலோமீட்டர்.

போகிறவர்களும் தங்குகிறவர்களும்

ஆக, நம் மாவட்டத்துப் பெண் என்ன செய்வாள்? பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ ஒரு வீட்டில் முதல் பட்டதாரி. அரசுப் பள்ளியில் படித்திருந்தால் மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் திட்டத்தில் வந்திருக்கும். மிச்சம் கடன். முடித்ததும் உள்ளூர் மருத்துவமனை ஒன்றில் சேர்வாள். அங்கே சம்பளத்தைவிட அவளுக்கு முக்கியம் அனுபவச் சான்றிதழ். வளைகுடா நாடுகளுக்குப் போக இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும் என்பார்கள். அந்த இரண்டு ஆண்டுகளுக்கு உள்ளூர் மருத்துவமனை ஒரு படிக்கட்டு. பிறகு ஓசூர் வழியாகப் பெங்களூரு, அங்கிருந்து விமானம். வெளிநாடு போகிறவர்கள் தரகர்களிடம் ஏமாறாமல் இருக்க, குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்குச் செவிலியர்களை அரசு நிறுவனங்கள் வழியாகவே அனுப்ப வேண்டும் என்று 2015-இல் மத்திய அரசு விதி செய்தது. தமிழ்நாட்டில் 1978 முதல் இயங்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அதில் ஒன்று. போகிறவளை நான் ஒரு சொல்லும் குறை சொல்ல மாட்டேன். பெண் சிசுக்கொலைக்காகப் பெயர் கெட்டிருந்த மாவட்டம் தருமபுரி. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் பக்கத்துச் சேலத்தில் தொடங்கி 2001-இல் இங்கேயும் வந்தது. அந்தத் தலைமுறையில் பிழைத்து வளர்ந்த பெண் விமானம் ஏறுவதைப் பார்த்து, ஊருக்கு ஆள் குறைகிறதே என்று வருத்தப்பட எனக்கு மனம் வராது.

தங்குகிறவர்கள் யார் என்பதற்கு அரூர் பக்கம் ஒரு பாடம் இருக்கிறது. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு. 1993-இல் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற மருத்துவத் தம்பதி அங்கே ஒரு குடிசையில் சிகிச்சையைத் தொடங்கினார்கள். வெளியூரிலிருந்து செவிலியர் வந்து தங்குவார் என்று காத்திருக்காமல், அந்தப் பள்ளத்தாக்கின் பழங்குடிப் பெண்களையே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பிரசவம் பார்ப்பதும் அறுவை அரங்கில் உதவுவதும் அந்தப் பெண்களின் கைக்கு வந்தன. அந்தக் குடிசை இன்று மருத்துவமனை. தொலைதூர ஊர்களில் பணியாளர்களைத் தக்கவைப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், கிராமப் பின்னணி உள்ள மாணவர்களைச் சேர்க்கச் சொல்கின்றன. சிட்டிலிங்கி அதற்குப் பதினேழு ஆண்டு மூத்தது.

உள்ளூர்க்காரராக இருப்பதில் இன்னொரு பயனும் உண்டு. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி, வேப்பனப்பள்ளிப் பக்கம் வார்டுகளில் தமிழ் மட்டும் போதாது. தெலுங்கு பேசும் பாட்டி, கன்னடம் பேசும் கர்ப்பிணி, வீட்டில் ஒன்றும் கடையில் ஒன்றும் பேசும் தாத்தா. வலி எங்கே, எப்படிப்பட்ட வலி என்று சொல்லும்போது மனிதர்கள் தாய்மொழிக்குத்தான் போகிறார்கள். குத்துகிறதா, இழுக்கிறதா, எரிகிறதா என்பதைக் கைச்சாடையில் கேட்க முடியாது. தஞ்சாவூரிலிருந்து பணியமர்த்தப்பட்டு வந்த செவிலியர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் முதல் ஆண்டு முழுக்கப் பக்கத்துப் படுக்கைக்காரரைத்தான் மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்வார். இரண்டாம் ஆண்டு மொழி பிடிபடும் நேரத்தில் இடமாறுதல் கலந்தாய்வு வந்துவிடும்.

அண்ணனிடம் இவ்வளவையும் சொன்ன பிறகு, கல்லூரியில் சேரும் முன் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கல்லூரிக்குக் குழுமத்தின் அங்கீகாரம் இந்த ஆண்டுக்கு இருக்கிறதா, எந்த மருத்துவமனையில் பயிற்சி, அங்கே உண்மையில் நோயாளிகள் படுத்திருக்கிறார்களா, அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வார்களா. அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மகள் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் அவர்கள் பேசுவது தெலுங்கு, பள்ளியில் தமிழ், சந்தைக்கு வரும் வியாபாரிகளிடம் கன்னடம்.

"இவளுக்கு மூன்று மொழியும் வரும் என்பதற்கு எங்கேயாவது மதிப்பெண் போடுவார்களா, தம்பி?" என்று கேட்டார் அண்ணன்.

விண்ணப்பப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்றேன். பெண் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.